வெளிநாட்டில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) முடியப்போகிறதா? ஊருக்குத் திரும்புவதை எப்படி முடிவு செய்வது

நம் கொங்குப் பக்கம் கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ ஆராய்ச்சிக்காக வெளிநாடு போனவர்களிடம் வீட்டில் கேட்பது ஒன்றுதான்: "எப்பக் கண்ணு வர்றே?" பதில் தெரியாமல் "பார்க்கலாம்மா" என்று சொல்லியே வருஷங்களை ஓட்டுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகத்தான் இது.

திரும்பலாமா வேண்டாமா என்று பொதுவாக யோசித்தால் முடிவே வராது. எந்த ஊர், எந்தத் துறை, எந்த வருஷம் என்று யோசியுங்கள். அம்மா மனதில் இருப்பது கோபி, நமக்கு வேலை கிடைப்பதோ கௌகாத்தி ஐஐடியாக இருக்கலாம். நல்ல வேலைதான். ஆனால் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தால் அங்கிருந்து விமானம் மாறி வந்து சேர்வதற்குள் மறுநாள் பொழுது போய்விடும், ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து வருவதைவிட அது ஒன்றும் பெரிய லாபமில்லை. பெற்றோருக்காகத்தான் வருகிறேன் என்றால் வீட்டிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேளாண்மை, உயிரியல், வனவியல் படித்தவர்களுக்கு கோவை நல்ல ஊர். வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது, 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது, வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் பறவைகளையும் இயற்கையையும் ஆராயும் சலீம் அலி மையம், ஜவுளி என்றால் சிட்ரா ஆராய்ச்சிச் சங்கம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி. இயற்பியல், கணிதம் போன்ற துறைகளில் இவ்வளவு வாய்ப்பு இல்லை, பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களில் இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடி வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில்தான் இருக்கிறது. மாநிலம் வேறு என்று அதை நினைத்துப் பார்க்காமலேயே விடுகிறார்கள், பொள்ளாச்சிக்காரருக்கு ஈரோட்டைவிட அது பக்கம்! கரூர்க்காரர்களுக்கு அதேபோல் திருச்சி என்ஐடி.

அடுத்தது வயது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஆய்வாளர்களுக்குச் சில ஆண்டுகள் சம்பளமும் ஆய்வுப் பணமும் தரும் மத்திய அரசுத் திட்டங்களில், இன்ஸ்பயர் ஃபேகல்டிக்குப் பொதுவான வயது வரம்பு 32, ராமானுஜன் ஃபெல்லோஷிப்புக்கு 40. ராமானுஜனில் 5 ஆண்டுகளுக்கு மாதம் 1,35,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 7 லட்சம். உயிரித்தொழில்நுட்பத்துக்கு ராமலிங்கசுவாமி ஃபெல்லோஷிப் தனியாக உண்டு. ராமானுஜனும் ராமலிங்கசுவாமியும் வெளிநாட்டில் ஆய்வில் இருப்பவர்களை அழைத்துவருவதற்கான திட்டங்கள், அதனால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். அங்கே இருக்கும்போதே போடுங்கள். இன்னொன்று, 5 ஆண்டு முடிந்ததும் நிரந்தர வேலை தானாக வராது. உங்களை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் அதற்கு அப்புறம் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

வெளிநாட்டிலும் ஒரு கெடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் பல்கலைக்கழக ஒப்பந்த வேலைக்கு முனைவர் பட்டத்துக்கு முன் 6, பின் 6 ஆண்டு என்று பொது வரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பதால் இந்தியர்களின் வரிசை மிக நீளம். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது பயந்துபோய் முடிவெடுப்பவர்கள் கிடைத்த முதல் வேலையில் சேர்ந்து வருந்துகிறார்கள். ஒன்றரை வருஷம் முன்பே விண்ணப்பங்களைத் தொடங்குங்கள், இங்கே தேர்வுக் குழு கூடவே மாதக்கணக்கில் ஆகும்.

நம் பக்கம் தனியார் கல்லூரிகள் ஏராளம். நல்லவையும் உண்டு, ஆனால் விசாரிக்காமல் சேராதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு (உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, சொல்வது 16), அட்மிஷன் சமயத்தில் ஆள்பிடிக்க ஊர் ஊராக அனுப்புவார்களா, முனைவர் பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டா, கருவி கெட்டுப்போனால் சரிசெய்யப் பணம் எங்கிருந்து வரும் என்றெல்லாம் கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டவே வேண்டாம். நிர்வாகத்திடம் மட்டும் பேசாமல் அங்கே சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆன இளையவர்களோடு கேன்டீனில் ஒரு டீ குடியுங்கள், உண்மை அங்கேதான் வரும்.

வீட்டில் பேசவேண்டியதும் இருக்கிறது. மனைவியும் ஆய்வாளர் என்றால் இரண்டு வேலைகளையும் சேர்த்தே தேடுங்கள், அவருக்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வந்த குடும்பங்களில் அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதே இல்லை, இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தரும் விஷயம். பெண் ஆய்வாளர்களுக்குத் தங்கள் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கவலையும் அதே அளவு உண்டு, அதையும் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் சின்ன வகுப்பில் இருக்கும்போதே வந்தால் தமிழ் எழுதப் படிக்கச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்.

அப்புறம் தோட்டம். பக்கத்துக் காடு விலைக்கு வருகிறது, நீ வாங்கிப் போடு என்று அப்பா சொல்வார். வெளிநாட்டில் குடியிருக்கும் வரை, இந்தியப் பாஸ்போர்ட்டே இருந்தாலும், விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அங்கே அரசு ஓய்வூதியத்துக்கு ஏறத்தாழ 10 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும், இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் இல்லை. ஒன்பதாவது வருஷத்தில் கிளம்புகிறீர்கள் என்றால் ஒரு கணக்காளரிடம் பேசிவிடுங்கள்.

அடுத்த விடுமுறைக்கு வரும்போது இரண்டு கல்யாணங்களைக் குறைத்துக்கொண்டு நீங்கள் குறித்துவைத்த துறைகளில் ஒரு செமினார் கொடுங்கள். துறைத்தலைவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், பெரும்பாலும் சரி வாங்க என்பார்கள். கிளம்புவதற்கு முன் லேபையும் நூலகத்தையும் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.