பின்னல் துணியில் நெளியாத பட்டன் பட்டி

பின்னல் துணியில் நான் தைத்த சட்டையின் பட்டன் பட்டி அலை அலையாக நெளிந்து நின்றது. பட்டன் துளைகளோ தைத்து முடிப்பதற்குள் விரிந்துவிட்டன. நெய்த துணிக்கான வழக்கமான ஃபியூசிங்கை (துணிக்கு உறுதி தர உட்புறத்தில் இஸ்திரிச் சூட்டால் ஒட்டும் பசைத் துணி) ஒட்டியபோது நெளிவு மறைந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் அட்டைபோல் விறைத்துப்போனது.

தீர்வாக அமைந்தது ட்ரைகாட் எனப்படும் பின்னல் வகை ஃபியூசிங். இது பெரும்பாலும் குறுக்குவாட்டில் நன்றாக இழுபடும், நீளவாட்டில் குறைவாகவே இழுபடும் என்பதால், வெட்டும் திசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பட்டன் பட்டி நீளக் கூடாது. ஆகவே இழுபடாத திசை பட்டியின் நீளத்தோடு ஒத்துப்போகும்படி வெட்டினேன். தலை நுழைய விரிய வேண்டிய கழுத்தின் உட்பட்டிக்கு, துணியும் ஃபியூசிங்கும் ஒரே திசையில் இழுபடும்படி வைத்தேன்.

ஒட்டும்போது அவசரம் உதவாது. துணியை முன்கூட்டியே அலசி உலர்த்தி, இழுக்காமல் பரப்பி, பசைப் புள்ளிகள் உள்ள பக்கத்தைத் துணியின் உட்புறத்தில் படியவைத்து, மேலே மெல்லிய ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 விநாடிகள் அழுத்தி, பிறகு தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். நகர்த்தித் தேய்த்தால் துணி இழுபட்டு, அந்த நெளிவோடேயே ஒட்டிக்கொள்ளும். பசை இறுகுவது ஆறும்போதுதான் என்பதால், அதுவரை துணியை அசைக்கக் கூடாது. செயற்கை இழைத் துணி அதிகச் சூட்டைத் தாங்காது. மிச்சத் துண்டில் சோதித்துப் பார்ப்பதை நான் விடுவதில்லை.

தோள் தையலுக்கு 1 செ.மீ. அகல ஃபியூசிங் கீற்றே போதும். ஃபியூசிங் ஒட்டிய பிறகும் பட்டன் துளைகளை உருண்டை முனை ஊசியில்தான் தைக்கிறேன். கூர்முனை ஊசி பின்னல் இழையை அறுக்கக்கூடும்.