கடற்காற்று ஊரில் சைக்கிள் செயின்: கழுவி, எண்ணெய் விட்டு, மெழுகு ஏற்றும் முறை

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஓடும் சைக்கிளின் செயினைத் தொட்டால் விரலில் கறுப்புப் பசை ஒட்டும். தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். எண்ணெயில் ஊறிய மணல் அது. செயினுக்கு எண்ணெய் வேண்டிய இடம், பின்னும் (தகடுகளைக் கோக்கும் குட்டி ஊசி) ரோலரும் (அதன்மேல் சுழலும் உருளை) உரசுகிற உட்புறம்தான். வெளித் தகட்டில் மினுமினுக்கும் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மிதிக்கும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஆகவே நிறைய விடுவதைவிட, விட்டதைத் துடைப்பதுதான் முக்கியமான வேலை.

முதலில் அளந்து பாருங்கள்

தேய்ந்துபோன செயினைக் கழுவிப் பயனில்லை. இரும்பு ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். அதை விட்டு அடுத்த பின்னிலிருந்து எண்ணினால், புதுச் செயினில் 24ஆவது பின்னின் நடு, சரியாக 12 இஞ்சில் நிற்கும். 1/16 இஞ்ச் தாண்டினால் செயினை மாற்ற வேண்டும். 1/8 இஞ்ச் தாண்டியிருந்தால் பின்சக்கர ஃப்ரீவீலின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல்லும் தேய்ந்திருக்கும். செயினை மட்டும் மாற்றினால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும்.

கழுவுதல்

தேவையானவை: 200 மில்லி மண்ணெண்ணெய் (கிடைக்காவிட்டால் டீசல்), பழைய டூத் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் லிக்விட், இரண்டு பழைய பனியன். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். செயின் கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

1. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் செயினின் நான்கு பக்கமும் தேய்த்தபடி பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஃப்ரீவீல் பல்லிடுக்கையும், கியர் சைக்கிளென்றால் கியர் மாற்றும் டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களையும் விடாதீர்கள். அங்கே அழுக்கு மிஞ்சினால் பத்து நிமிஷத்தில் செயினுக்குத் திரும்பி வந்துவிடும்.

2. ஒரு மக் தண்ணீரில் ஒரு ஸ்பூன் லிக்விட் கலந்து மறுபடி தேய்த்து அலசுங்கள். மண்ணெண்ணெய் உள்ளே தங்கினால் புது எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும்.

3. கடைசி அலசலுக்கு மெட்ரோ குழாய்த் தண்ணீர் நல்லது. உப்புப் போர் தண்ணீர் காய்ந்தால் உப்பு செயினிலேயே தங்கும். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம்; வீணாகிறதே என்று அதைப் பிடித்து ஊற்றிவிடாதீர்கள்.

4. பனியனால் இறுக்கித் துடைத்து உடனே வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். ஈரத்தோடு ராத்திரி விட்டால் காலையில் துரு நிற்கும்.

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். பாட்டிலில் மூடி வைத்தால் இரண்டு நாளில் மண்டி அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் அடிப்பதும் கூடாது. சக்கர நடுவிலுள்ள ஹப் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும்.

எண்ணெய் விடுதல்

சைக்கிள் செயின் ஆயில் வாங்குங்கள். தையல் மெஷின் எண்ணெய் வெயில் காலத்துக்கு ஓடும், ஆனால் வாராவாரம் விட வேண்டும். சமையல் எண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகிவிடும். கிரீஸ் தடிமன், ரோலருக்குள் இறங்காது. பைக்கிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலில் இரும்புத் தூள் கலந்திருக்கும். டபிள்யூடி-40 ஸ்பிரேயின் பெயருக்கே நீரை விரட்டும் 40ஆவது கலவை என்று பொருள். ஈரம் போக்கவும் துரு இளக்கவும் கைகொடுக்கும், செயின் ஆயிலுக்கு மாற்று ஆகாது.

கணக்கு எளிது: ரோலருக்கு ஒரு சொட்டு. செயினில் ஏறக்குறைய 110 ரோலர் என்றால், மொத்தம் 5 அல்லது 6 மில்லிதான். சாக்பீஸால் ஒரு லிங்கில் குறி வைத்து, கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் மேல்புறத்தில் சொட்டு விட்டுக்கொண்டே பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். குறி திரும்பி வந்ததும் நிறுத்துங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் பின் டிஸ்க்கைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு தெறித்தாலும் பிரேக் பிடிக்காது. ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் வெளித் தகட்டை வறவறவென்று துடையுங்கள். துடைத்த செயினைத் தொட்டால் விரலில் லேசான ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.

மெழுகு

மெழுகு ஏற்றிய செயினில் மணல் ஒட்டாது, கையும் கறுக்காது. மே மாத வெயிலிலும் உருகாது. பாரஃபின் உருக 50 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் செயினைக் கழற்றி மாட்ட குவிக் லிங்க் (எளிதில் திறந்து மூடும் இணைப்பு) தேவை, சுத்தமும் முழுமையாக இருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த புதுச் செயினிலும் கிரீஸ் இருக்கும். மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசி, கடைசியில் ஸ்பிரிட்டில் குலுக்கி உலர்த்துங்கள்.

அரை கிலோ பாரஃபின் மெழுகை ஒரு டப்பாவில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடி அடுப்பில் வைத்தால் தீப்பிடிக்கும். செயினைக் கம்பியில் கோத்து மூழ்கவிட்டால் குமிழி வரும். உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. 15 நிமிடம் அசைத்துக்கொண்டிருந்து, அடுப்பை அணைத்து, மேலே லேசாக ஆடை கட்டத் தொடங்கியதும் எடுங்கள். கொதிக்கக் கொதிக்க எடுத்தால் மெழுகெல்லாம் வழிந்துவிடும். ஆறியபின் செயின் குச்சி மாதிரி விறைக்கும். ஒவ்வொரு லிங்காக மடக்கி இளக்கி மாட்டுங்கள். சுமார் 300 கிலோமீட்டர் தாங்கும். கரகரவென்று சத்தம் கேட்டால் மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.

ஒரே சிக்கல் மழை. தேங்கிய தண்ணீரில் ஒரு நாள் போனாலே மெழுகு கழன்று துரு ஏறும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழைக்கான வெட் லூப் எண்ணெய். பொங்கலுக்குப் பிறகு மெழுகு. மாற்றும்போது மேலே சொன்ன கழுவலை முதலிலிருந்து செய்யுங்கள், எண்ணெய்ப் பசையின்மேல் மெழுகு பிடிக்காது.