தஞ்சம் வேறு, சரண் வேறு: அடைக்கலச் சொற்களில் நேரும் தவறுகள்

நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் பிறர் எழுதியதைத் திருத்துவதே பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாகச் சேர்வோருக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பும் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு பயிற்சியாளர் எழுதிக் கொண்டுவந்த செய்தியின் தலைப்பைப் பார்த்தபோது, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நானே செய்த தவறு, ஒரு சொல்கூட மாறாமல் என் முன்னால் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ‘அடைக்கலம்’ என்பதில் ஒற்றை விடுவது, ‘சரண்’ என்பதை ‘சரன்’ என்று எழுதுவது போன்ற பிழைகளை யாரும் ஒரே பார்வையில் திருத்திவிடுவார்கள்; அவற்றை இங்கே பேசப்போவதில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் பொருளைக் கெடுத்துவிடும் தவறுகளைப் பற்றியே எனக்குக் கவலை.

காதலர்களைச் ‘சரண்’ அடைய வைப்பது

பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி, திருமணம் செய்துகொண்ட கையோடு பாதுகாப்புக் கேட்டுக் காவல் நிலையத்துக்கு வரும் இளம் தம்பதியைப் பற்றிய செய்தி தமிழ் நாளிதழ்களில் வாரம் தவறாமல் வருகிறது. ‘காவல் நிலையத்தில் காதல் ஜோடி தஞ்சம்’ என்பது அதற்கு வழக்கமான தலைப்பு. கொலை வழக்கில் தேடப்பட்டவர் தாமாக முன்வந்து நீதிமன்றத்தில் நின்றால், ‘நீதிமன்றத்தில் சரண்’ என்று எழுதுகிறோம். இரண்டு செய்தியிலும் ஒருவர் அரசின் வாசலுக்கு வந்து நிற்கிறார். முதலாமவர் தம் உயிரையும் உரிமையையும் காக்கும்படி கேட்கிறார்; இரண்டாமவர் தம்மைப் பிடித்துக்கொள்ளும்படி ஒப்புக்கொடுக்கிறார். செய்தித் தமிழில் இந்த வேறுபாடு முழுவதையும் தாங்கி நிற்பது அந்த ஒரு சொல்தான்.

வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் ஆண்டில் ஒரு நாள் நான் இரவுப் பணியில் இருந்தேன். பக்கம் அச்சுக்குப் போக ஐந்து நிமிடம் இருந்தது. இப்படிக் காவல் நிலையத்துக்கு வந்த ஒரு காதல் ஜோடியின் செய்திக்கு, ஒற்றைப் பத்தி அகலத்தில் போட வேண்டிய தலைப்பில் ‘தஞ்சம்’ அடங்கவில்லை. அகலம் குறைவான சொல்லாக ‘சரண்’ கண்ணில் பட்டது. அகராதியும் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் சொல்கிறது என்ற துணிவில் மாற்றினேன். தலைப்பு அழகாக அடங்கியது.

நான்காம் நாள் அந்த ஜோடியில் ஒருவரான பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த நாளிதழை மேசையில் விரித்தார். ‘சரண்’ என்ற சொல்லின் கீழ் நீல பால்பாயின்ட் பேனாவால் இரண்டு முறை கோடு இழுத்திருந்தது. இரண்டாம் கோடு தாளைக் கிழித்திருந்தது. “நாங்க என்ன தப்பு செஞ்சோம் சார், சரணடையறதுக்கு?” என்று கேட்டார். வீடு தருவதாக முன்பணம் வாங்கியிருந்தவர், போலீஸ் வழக்கில் சிக்கியவர்களுக்குத் தம் வீட்டில் இடமில்லை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மறுநாள் உள்பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வெளியிட்டோம். அவர்கள் இழந்த வீட்டை அந்த மூன்று வரி மீட்டுத் தரவில்லை. கூரை தேடி வந்தவர்களின் கூரையை ஒரு சொல்லால் பறித்தேன் என்பதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே தலைப்பைப் புதியவர் ஒருவர் நீட்டும்போது எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

“சரணம் என்பது புனிதமான சொல்தானே?” என்று பயிற்சியாளர் கேட்டார். ஆம், புனிதமான சொல்தான். வைணவத்தில் சரணாகதியே வழி. பௌத்தத்தில் புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றும் சரணங்கள். சபரிமலைக்குப் போகிறவர்களின் வாயில் ‘சாமியே சரணம்’ ஓய்வதில்லை. ஆனால் கோயிலில் ஒருவர் சரணடையும்போது அவர் தலைமீது வழக்கு எதுவும் இல்லை. காவல் நிலையத்தையும் நீதிமன்றத்தையும் அடுத்து வரும்போது, ‘சரண்’ குற்றத்தை உடன் அழைத்துக்கொண்டே வருகிறது. சொல்லின் பொருளை அகராதியில் பார்த்தால் மட்டும் போதாது. அது எந்த வாசலில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

போர்ச் செய்தியில் இந்தத் தவறு இன்னும் கொடியதாகிவிடும். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்தின் நவாலியில் குண்டு வீச்சுக்கு இரையானவர்கள், இடம்பெயர்ந்து வந்து தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த பொதுமக்கள். ஆயுதம் ஏந்தியவர் அதைக் கீழே வைக்கும்போதுதான் சரணடைகிறார். ஆயுதமே எடுக்காதவர்களைச் ‘சரணடைந்தவர்கள்’ என்று எழுதினால், அவர்களைப் போராளிகள் என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

இந்தத் தவறுக்குக் கூடப்பிறந்த இன்னொன்றும் உண்டு. ‘காவல் துறையினர் பெண்ணைக் கணவரிடம் ஒப்படைத்தனர்’ என்று செய்தியை முடிப்பார்கள். களவு போன நகையை உரியவரிடம் ஒப்படைக்கலாம். காணாமல் போன குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. ‘அவர் விருப்பப்படி கணவருடன் சென்றார்’ என்பதே சரியான வாக்கியம். சக்தி வாகினி என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில், வயது வந்த இருவர் தம் விருப்பப்படி மணந்துகொள்ளும்போது அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இத்தகைய தம்பதிகளுக்காக மாவட்டத் தலைநகரங்களில் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றி மாநில அரசுகள் கருத வேண்டும் என்றும், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. நீதிமன்றமே ஒரு கூரையைக் காட்டியிருக்கும்போது, அங்கே போகிறவர்களை நாம் குற்றவாளிகளின் சொல்லால் குறிக்கலாகாது.

அடைக்கலத்தை இடமாக மட்டும் கொள்வது

‘அடைக்கலம்’ என்றவுடன் ஒதுங்கும் இடத்தை மட்டுமே நினைக்கிறோம். காக்கும்படி ஒருவர் கையில் ஒப்புவிக்கப்பட்ட ஆளும் பொருளும் அடைக்கலமே. சிலப்பதிகாரத்தில், அடைக்கலக் காதையில், கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்புவிக்கிறார். கோவலன் கொலையுண்டு மதுரை எரிந்தபின், ‘அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள்’ என்று சொல்லி மாதரி நள்ளிரவில் தீப்புகுந்த செய்தி நீர்ப்படைக் காதையில் வருகிறது. இந்த வரிக்கு ‘புகலிடத்தை இழந்தேன்’ என்று ஒருவர் உரை எழுதி வந்தார். மாதரிக்கு வீடு இருந்தது, சுற்றம் இருந்தது. அவள் இழந்தது தன்னை நம்பி ஒப்படைக்கப்பட்டவர்களை. அந்தப் பொறுப்பு முறிந்துபோன வேதனை ‘புகலிடம்’ என்ற சொல்லுக்குள் நுழையவே இல்லை. ‘உடையாய் அடியேன் உன் அடைக்கலமே’ என்று மணிவாசகர் பாடும்போதும், ‘நான் உன்னிடம் ஒப்புவிக்கப்பட்டவன், இனி என்னைக் காப்பது உன் பொறுப்பு’ என்றே உரிமையோடு சொல்கிறார்.

சொல்லுக்கு இருண்ட பக்கமும் உண்டு. தேடப்படும் குற்றவாளியை வீட்டில் மறைத்து வைப்பதையும் ‘அடைக்கலம் கொடுத்தல்’ என்றே எழுதுகிறோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 212ஆம் பிரிவு அதைக் குற்றமாக்கியது. ஆகவே, மழை வெள்ளத்தில் பக்கத்துத் தெருவினரைத் தம் மாடியில் தங்க வைத்தவரைப் பற்றி எழுதும்போது, ‘அடைக்கலம் கொடுத்தவர்’ என்று மொட்டையாகத் தலைப்பிடாமல், யாருக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழம்பாட்டின் தஞ்சம்

‘அரசோ தஞ்சம்’ என்று புறநானூற்றின் 73ஆம் பாடலில் சோழன் நலங்கிள்ளி சொல்கிறான். பணிந்து வந்து கேட்டால் நாட்டைக் கொடுப்பது எனக்கு எளிது என்பது பொருள். அரசன் யாரிடமும் அடைக்கலம் கேட்கவில்லை. ‘தஞ்சக் கிளவி எண்மைப் பொருட்டே’ (‘தஞ்சம்’ என்ற சொல் எளிமைப் பொருள் தரும்) என்ற தொல்காப்பிய நூற்பாவை நினைவில் வைத்திருந்தால் இங்கே வழுக்காது.

அகதியும் தஞ்சம் கோருபவரும்

விண்ணப்பம் கொடுத்து முடிவுக்காகக் காத்திருப்பவர் தஞ்சம் கோருபவர். அகதிகள் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை போன்றதொரு வரையறைப்படி ஏற்கப்பட்டவர் அகதி. இரண்டையும் கலந்து எழுதினால் ஒருவருடைய சட்ட நிலையே மாறிவிடும். கதி இல்லாதவர் என்ற பொருள் அடியிலேயே இருப்பதால், ‘அகதி’ என்ற சொல் அதைச் சுமப்பவருக்குக் கனமானது. தமிழ்நாட்டில் ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்றிருந்த பெயரை 2021இல் அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பழைய பெயரைப் பழைய செய்திகளோடு விட்டுவிடுங்கள்.

புகலிடம் புகுந்தார்

புகும் இடம்தான் புகலிடம்; அதோடு ‘புகுந்தார்’ சேர்த்தால் கூறியது கூறலாகும். தஞ்சம் புகலாம், அடைக்கலம் புகலாம். புகலிடம் தேடலாம், பெறலாம்.

சரணாலயம், காப்பகம்

வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். முதுமலை புலிகள் காப்பகம். அரசாணையில் உள்ள பெயரை மாற்றாதீர்கள்.

அடைக்கலாங்குருவி

இது சிட்டுக்குருவியின் பெயர். ஒரு பயிற்சியாளர் இதை ‘அடைக்கலம் தேடி வந்த குருவி’ என்று விரித்துத் திருத்தியிருந்தார். அது எங்கிருந்தும் ஓடி வந்த குருவி அன்று. உத்தரத்துக்கும் சுவருக்கும் இடையில், சாமி படத்தின் பின்னால், வைக்கோலையும் பஞ்சையும் சேர்த்து ஆண்டுதோறும் அதே இடத்தில் கூடு கட்டும் குருவி. முட்டை பொரியும் வரை அந்தப் படத்தை எங்கள் பாட்டி துடைக்கவே மாட்டார். பெயரை உள்ளபடியே எழுதினால் போதும்.