சைலன்சரில் சும்மா கிடக்கும் சென்சார் துளையை அடைப்பது எப்படி?

கார்புரேட்டர் வண்டிக்கு வெளிச்சந்தையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெண்ட் பைப் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாய்) வாங்கி மாட்டுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பைப்பின் பக்கவாட்டில் மரை போட்ட துளை ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்துவதற்கு. ஒரே பைப்பை எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்காரருக்கும் விற்கலாம் என்று தயாரிப்பாளர் அதை வைத்துவிடுகிறார். எஃப்ஐ வண்டியிலும் ட்யூனிங்குக்காகக் கூடுதலாக ஒரு துளை வெல்டிங் செய்வார்கள். வேலை முடிந்தபின் அதுவும் சும்மா கிடக்கும். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: பொருந்துகிற மரையுள்ள போல்ட், செம்பு வாஷர், மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை கொஞ்சம்.

தொடங்குமுன் துளையில் உண்மையிலேயே சென்சார் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை அடைப்பது வேறு கதை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதிகளின்படி தயாரான வண்டியில் அப்படிச் செய்தால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும். பெட்ரோல் கலவையும் தாறுமாறாகும். அந்த வேலைக்கு இந்தக் கட்டுரை உதவாது.

அடைக்காமல் விட்டால் என்ன?

புகை வெளியே போகிற பைப்தானே, ஓட்டை வழியாகவும் கொஞ்சம் போகட்டுமே என்பார்கள். புகை சீராகப் போவதில்லை என்பதுதான் சிக்கல். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. அது கடந்ததும் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்தக் கணத்தில் துளை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும், எரியாமல் வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து சூடான பைப்பில் பற்றிக்கொள்கிறது. சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பது அதனால்தான். கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்தும் நிற்காத வெடிச்சத்தத்துக்கு இப்படி ஓர் ஓட்டை காரணமாக இருப்பது உண்டு.

எஃப்ஐ வண்டியில் வேறு தொல்லை. சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால், உள்ளே புகுந்த ஆக்சிஜனைக் கண்டு பெட்ரோல் குறைவாக எரிகிறது என்று கணினி முடிவு கட்டிவிடும். தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் இறங்கும்.

எதைக் கொண்டு அடைக்கக் கூடாது

எம்-சீல் வேண்டாம். எஞ்சினுக்கு அருகில் பைப்புக்குள் போகும் புகை, வண்டியை முறுக்கும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். குடிநீர்க் குழாய்க்கு ஒட்டும் பசை அங்கே கருகி உதிரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆகவே அலுமினிய போல்ட்டும் வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்றுவது இன்னும் மோசம், அதிகச் சூட்டில் நச்சுப் புகை விடும். புதுப் பைப்போடு வரும் பிளாஸ்டிக் மூடி, அனுப்பும்போது மரை அடிபடாமல் இருக்கப் போட்டது. அதை அப்படியே விட்டு வண்டியைக் கிளப்பினால் உருகி மரைக்குள் ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மரையைக் கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையில் நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். சென்சார் துளைகளில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன: எம்18 × 1.5, எம்12 × 1.25. முதல் எண் விட்டம். இரண்டாவது, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி மில்லிமீட்டரில். ஹார்டுவேர் கடையில் வெறுமனே 'பன்னிரண்டு எம்எம் போல்ட்' என்று கேட்டால் பெரும்பாலும் 1.75 இடைவெளியுள்ள முரட்டு மரை போல்ட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். துளைக்குள் அது சற்றே ஏறும், பிறகு இறுகும். இறுகுகிறதே, சரியாகத்தான் இருக்கிறது என்று ஸ்பேனர் போட்டால் துளையின் மரை காலி.

துளையின் உள்விட்டத்தை வெர்னியர் காலிபரால் அளந்து பாருங்கள். மரைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அளவு குறைவாகவே காட்டும்: எம்12 துளை ஏறத்தாழ 10.7 மில்லிமீட்டர், எம்18 துளை 16.4 மில்லிமீட்டர். பெரியதா சிறியதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சிறிய துளை என்றால் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று போதும் சோதிக்க. என்ஜிகே பிளக்கின் குறியீடு 'டி' (D) என்ற எழுத்தில் தொடங்கினால் அதன் மரை எம்12 × 1.25 தான். விரல்களால் மட்டும் திருகிப் பாருங்கள். நான்கைந்து சுற்று வழுக்கிக்கொண்டு ஏறினால் அளவு உறுதி. உடனே கழற்றிவிடுங்கள், பிளக்கின் மரைப்பகுதி நீளமானது, புகை போகும் வழியில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

வாங்குகிற போல்ட்டையும் கடையிலேயே சோதியுங்கள். ஸ்கேலை மரைமீது வையுங்கள். 1.25 மரையில் எட்டு இடைவெளி சரியாக 10 மில்லிமீட்டர் வரும், 1.5 மரையில் பத்து இடைவெளி 15 வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நல்லது. கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம். வாஷர் போட்ட பிறகு போல்ட்டின் முனை பைப்பின் உள்சுவரோடு நிற்க வேண்டும். நீளமாக இருந்தால் அறுத்து, அரம் போட்டு மழுக்குங்கள்.

பொருத்துவது

பைப் முழுக்க ஆறியிருக்க வேண்டும். துளையின் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, கரியையும் துருவையும் துடைத்தெடுங்கள். அழுக்கு பிடிவாதமாக இருந்தால் அதே அளவு மரை வெட்டும் டேப் (tap) கருவியை எண்ணெய் தொட்டுக் கையால் ஓட்டலாம்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உரசினால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அப்புறம் கழற்ற வராது. நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசையைப் போல்ட்டின் மரையில் மெல்லிய படலமாகப் பூசுங்கள், முனையில் வேண்டாம். கையில் இருப்பது பழைய செம்பு வாஷர் என்றால் கேஸ் அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மீண்டும் மென்மையாகிவிடும். அழுத்தும்போது நசுங்கி அடைப்பதற்கு அந்த மென்மை தேவை.

கடைசி வரை விரலால் திருகுங்கள். பாதியில் முரண்டு பிடித்தால் பின்னுக்குத் திருப்பி மறுபடி தொடங்குங்கள். தலை வாஷரில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். அங்கிருந்து கால் சுற்று. வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும், இன்னும் சற்று வேண்டுமானால் கொடுக்கலாம், அரைச் சுற்றைத் தாண்ட வேண்டாம். ஸ்பேனரில் குழாய் செருகி நீட்டி முறுக்குகிற பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். பசை பூசிய மரை எளிதாகச் சுழலும் என்பதால் கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும்.

கசிகிறதா?

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். சோப்புத் தண்ணீரைப் போல்ட்டைச் சுற்றித் தடவி, எஞ்சினைக் கிளப்புங்கள். தடித்த கையுறையும் துணியுமாகச் சைலன்சர் வாயை யாராவது பாதி மூடிப் பிடித்தால் உள்ளே அழுத்தம் கூடும். கசிவு இருந்தால் நுரை பொங்கும். பைப் சூடானதும் தண்ணீர் காய்ந்துவிடும், ஆகவே முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஒரு நீண்ட பயணம் போய்வந்து, பைப் ஆறியபின் போல்ட்டை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வாஷரைச் சுற்றிக் கருப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது; புது வாஷர் போடுங்கள்.

துளையின் மரை ஏற்கெனவே போயிருந்தால் போல்ட்டோடு மல்லுக்கட்டாமல் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதிய மரைக்குமிழ் (உள்ளே மரை வெட்டிய வளையம்) வைத்துவிடுவது மேல். எஃப்ஐ வண்டியில் பைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்வதாகச் சொன்னால், பேட்டரி வயரையும் கணினியின் கனெக்டரையும் கழற்றிய பிறகே பட்டறைக்காரரைத் தொடங்கச் சொல்லுங்கள்.