ஜாவா சர்வ்லெட்டில் தமிழ் உடையாமல் வர என்ன செய்யணும்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பேருந்தின் நிறுத்தங்களை ஒரு பக்கத்தில் காட்டப் போகிறோம்: கோரிமேடு, அடிவாரம், ஏற்காடு. சர்வ்லெட்டை (பக்கத்தை உருவாக்கி அனுப்பும் ஜாவா நிரல்) எழுதி டாம்கேட் 9 சர்வரில் ஓட்டினால், ஊர்ப்பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். டாம்கேட் 10-க்கு முந்தைய பதிப்புகளில், என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை) எதையும் நாம் குறிப்பிடாவிட்டால் சர்வ்லெட்டின் ரைட்டர் லத்தீன் எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1-ஐ எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே இல்லை.

பக்கத்தைக் கேட்கும்போது ஓடும் டூகெட் மெத்தடின் முதல் வரியிலேயே ரெஸ்பான்ஸுக்கு செட்கன்டென்ட்டைப் கொடுங்கள். மதிப்பு: "டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யூடிஎஃப்-8". சார்செட் என்பது என்கோடிங்கின் பெயர்; யூடிஎஃப்-8-ல் தமிழுக்கும் இடம் உண்டு. அடுத்த வரியில்தான் ரைட்டரைத் தரும் கெட்ரைட்டர். இந்த வரிசை மிக முக்கியம். கெட்ரைட்டரை அழைத்ததுமே என்கோடிங் முடிவாகிவிடும். அதற்குப் பிறகு சார்செட்டை மாற்றினால் எந்தப் பிழையும் காட்டாமல் விட்டுவிடும். அதனால்தான் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை.

படிவத்திலிருந்து தமிழ் வருகிறதா? படிவத்தைப் பெறும் டூபோஸ்ட்டில், அதன் மதிப்பை எடுக்கும் முதல் கெட்பாராமீட்டருக்கு முன்பே ரிக்வெஸ்ட்டுக்கும் செட்கேரக்டர்என்கோடிங்கில் யூடிஎஃப்-8 என்று கொடுத்துவிடுங்கள்.

ஊர்ப்பெயரை நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தால், கோப்பை யூடிஎஃப்-8-ல் சேமியுங்கள். 2022-ல் வந்த ஜாவா 18 முதல் கம்பைலர் அதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் என்கோடிங்கைக் கம்பைலருக்கும் சொல்ல வேண்டும்.

இன்னும் சரியாகவில்லையா? திரையில் என்ன வருகிறது என்று உற்றுப் பாருங்கள். கேள்விக்குறி என்றால் எழுத்து சர்வர் பக்கமே தொலைந்துவிட்டது. பிரவுசரில் எதை மாற்றியும் பயனில்லை. லத்தீன் எழுத்துகளுக்கு நடுவே ® குறி திரும்பத் திரும்ப வந்தால், பைட்டுகள் சரியாகத்தான் வந்திருக்கின்றன, ஹெடரில் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல் வரிகளில்) சார்செட் விடுபட்டிருக்கிறது. கெட்அவுட்புட்ஸ்ட்ரீம் வழியாக பைட்டாக அனுப்பும்போது இது அடிக்கடி நடக்கும். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் கன்டென்ட்-டைப் வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பக்கம் எத்தனை பைட் என்று சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரை நீங்களே கணக்கிட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. "ஏற்காடு" என்ற ஸ்ட்ரிங்கின் லெங்த் 7 (புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும்); யூடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. ஹெடரில் 7 என்று போட்டால் "ஏற" வரை வந்து, மூன்றாவதான புள்ளி பாதியில் அறுந்துபோகும். பைட் அரேயின் நீளத்தைக் கொடுங்கள், அல்லது அந்த வேலையை டாம்கேட்டிடமே விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் இரண்டாவதே நல்லது.

சர்வ்லெட்டின் மேல் கட்டப்பட்ட ஸ்பிரிங் எம்விசி என்ற ஜாவா கட்டமைப்பில் ஸ்ட்ரிங்கை நேரடியாகத் திருப்பி அனுப்பினாலும் இயல்பு ஐஎஸ்ஓ-8859-1தான். அங்கே கெட்மேப்பிங்கின் புரொட்யூசஸில் அதே மதிப்பை எழுதுங்கள். ஸ்பிரிங் பூட் யூடிஎஃப்-8-ஐத் தானே அமைத்துக்கொள்கிறது.