டிராகன் படகு அணி: முதல் பருவத்தில் சறுக்கும் இடங்கள்

ஜனவரியில் எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 34 பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சிங்கப்பூரின் காலாங் கரையில் வந்து நின்றவர்கள் 11 பேர். முன்பதிவு செய்திருந்த படகிலோ துடுப்பு போட 20 இடம். பொழுதுபோக்காக டிராகன் படகு அணி தொடங்குகிறவர்கள் முதலில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். கட்டைவிரலை நம்பிப் பணம் கட்டிவிடுகிறார்கள்.

பெரிய படகு 12 மீட்டருக்குச் சற்று மேல் நீளம், சுமார் 250 கிலோ எடை. பத்து வரிசையில் 20 பேர், முன்னால் மேளக்காரர், பின்னால் நின்றபடி சுக்கான் பிடிப்பவர், ஆக 22 பேர். பாதி ஆட்களோடு அதைத் தள்ளினால் பயிற்சி செய்த மாதிரி இருக்காது, மூட்டை தூக்கிய மாதிரிதான் இருக்கும். வந்த 11 பேரில் 8 பேர்தான் அடுத்த வாரம் வந்தார்கள். பத்துப் பேர் துடுப்பு போடும் சிறிய படகு என்று ஒன்று இருக்கிறது. ஆள் குறைந்தால் கௌரவம் பார்க்காமல் அதற்கு மாறிவிடுங்கள். இல்லை, பெரிய படகுதான் என்றால், என் கணக்கில் பெயர்ப்பட்டியலில் 28 பேராவது இருக்க வேண்டும். தலையை மட்டும் எண்ணினாலும் போதாது. கலப்புப் பிரிவில் 20 பேரில் 8 பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்களிடம் ஆறு பெண்கள்தான் இருந்தார்கள். யாரோ ஒருவரின் தங்கை, இன்னொருவரின் மைத்துனி என்று கெஞ்சிக் கூட்டி வந்தோம்.

தண்ணீரில் இறங்கியபின் செய்த பெரிய தவறு, பலத்தை நம்பியது. தினமும் ஜிம்முக்குப் போகும் நான்கு பேர் எங்களிடம் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் வேகத்துக்கு இழுத்துத் தள்ளினார்கள். படகு நொண்டி நொண்டிப் போனது. பின்னால் சுக்கான் பிடித்த சீன அங்கிள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு படகு ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலும் படகோடு சேர்த்து ஏறக்குறைய 1,700 கிலோ. மற்றவர்களுக்கு முந்தித் துடுப்பை இறக்குபவர் ஒரு கணம் அத்தனை எடையையும் ஒற்றை ஆளாக இழுக்கிறார். பிந்தி இறக்குபவருக்குப் படகு ஏற்கெனவே நகர்ந்துவிட்டிருக்கும், பிடிப்பே கிடைக்காது. நிதானமாகத் துடுப்பு போட்டாலும் சேர்ந்து போடும் அணி எங்களை எளிதாகத் தாண்டிப் போனது அதனால்தான்.

சரி, சேர்ந்து போடுவது எப்படி? முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துப் போடுவது எல்லோரும் செய்வது, எல்லோரும் விட வேண்டியது. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிமைக்கும் நேரம் தாமதமானால், பத்தாவது வரிசைக்குள் அது பெரிதாகிவிடும். கரையிலிருந்து பார்த்தால் துடுப்புகள் மரவட்டையின் கால்கள் போல அலை அலையாக அசையும். முதல் வரிசையில் இருந்து எல்லோருக்கும் வேகத்தைக் காட்டும் இரண்டு பேரைத்தான் பேசர் (pacer) என்கிறோம். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் வலப்பக்கப் பேசரையும், வலப்பக்கம் இருப்பவர் இடப்பக்கப் பேசரையும் குறுக்காகப் பார்க்க வேண்டும். மேளத்தைக் கேட்டுப் போடலாமே என்று நானும் நினைத்திருந்தேன். மேளக்காரரே பேசரைப் பார்த்துத்தான் அடிக்கிறார். காதுக்கு வருவது பழைய செய்தி.

கையால் மட்டும் இழுப்பது இன்னொரு தவறு. இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, முன்னால் எட்டிக் குத்தி, தொடை அருகே வந்ததும் துடுப்பை எடுத்துவிட வேண்டும். இடுப்புக்குப் பின்னால் வரை இழுத்தால் துடுப்பு தண்ணீரை மேலே அள்ளும், படகைக் கீழே அமுக்கும். பயிற்சி முடிந்து தோளும் முன்கையும் மட்டும் வலித்தால் எங்கோ தப்பு. விலாவும் களைத்திருக்க வேண்டும். உட்காரும் இடத்திலும் அப்படித்தான். வாட்டசாட்டமான ஆட்களை முன்னால் வைத்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் படகின் மூக்கு குறுகல், எடையைத் தாங்காது. கனமானவர்கள் நடுவில். இடமும் வலமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். புறப்படும்போது வேகம் காட்டுவதும் வீண். நிற்கிற படகை அசைக்க முதல் ஐந்தாறு துடுப்பு வீச்சு ஆழமாக, நீளமாக இருக்க வேண்டும். வேகம் அப்புறம்தான்.

சீன நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. பெரும்பாலும் ஜூனில் வரும். அதையொட்டிய ஒரு போட்டியின் 200 மீட்டர் தகுதிச் சுற்றில் நாங்கள் இரண்டாவதாக வந்தோம். கரையில் எல்லோரும் பச்சாங், அதாவது இலையில் கட்டி வேகவைத்த அரிசிக் கொழுக்கட்டை, பிரித்துச் சாப்பிட்டபோது, ஏதோ தேசிய அணி ஆகிவிட்ட நினைப்பு. சரிவு அங்கேதான் தொடங்கியது. அடுத்த போட்டிக்கு வேகமான 20 பேரைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பட்டியலைப் போட்டி நாள் காலையில் அறிவித்தோம். ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த ஒரு அக்கா அன்று மூன்று மணி நேரம் எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்குப் பிறகு வரவும் இல்லை. ஆகஸ்டுக்குள் அவரோடு சேர்த்து ஆறு பேர் போய்விட்டார்கள், எல்லோரும் ‘வேலை அதிகம்’ என்றுதான் எழுதினார்கள். வருகைப் பதிவுக்கு முதலிடமா, வேகத்துக்கு முதலிடமா? எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் அதை ஜனவரியிலேயே எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

வானிலையில் விளையாடக் கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சிங்கப்பூரில் விடியற்காலையிலும் காலை நேரத்திலும் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் பாயும். பிற்பகலில் இடி தனி. மின்னல் எச்சரிக்கை வந்ததும் கரைக்குத் திரும்ப வேண்டும், “இன்னும் ஒரே ஒரு சுற்று” கிடையாது. நீச்சல் தெரியும் என்று உயிர்காப்பு அங்கியைக் கழற்றி வைப்பவரிடம் நான் வாதாடுவதில்லை, இதை மட்டும் சொல்வேன். 2007 நவம்பரில் கம்போடியாவின் நோம்பென்னில், போட்டியை முடித்திருந்த சிங்கப்பூர் தேசிய அணியின் படகு டோன்லே சாப் ஆற்றின் வேகத்தில் கவிழ்ந்தது. 22 பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்ற வீரர்கள், உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. படகு கவிழ்ந்தால் முதலில் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே என்று பார்க்க வேண்டும், பிறகு படகைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையிலிருந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். இதைக் கரையிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நாங்கள் பார்த்தது பருவம் பாதி முடிந்த பிறகு.

அக்டோபரில் மிஞ்சிய 14 பேரோடு சிறிய படகில் போட்டியிட்டு நான்காவதாக வந்தோம். போட்டியை முடிக்க எடுத்த அந்த நேரம்தான் எங்கள் பருவத்திலேயே சிறந்தது. பைக்குக் காவல் இருந்த அக்காவை நேரில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், யோசிக்கிறேன் என்றார். அடுத்த ஆண்டுக்கான செய்தியை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். அதில் யார் யார் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை. எந்தெந்தச் சனிக்கிழமை வர முடியாது என்று கேட்டிருக்கிறேன்.