பேட்டரி இல்லாத ரைஃபிள் சைட்: வாங்கும்போது கோட்டைவிடும் இடங்கள்

ரைஃபிளில் குறிபார்க்க மாட்டும் சைட்டுக்கு உருப்பெருக்கமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம், பத்து வருஷம் பெட்டியில் கிடந்தாலும் எடுத்தவுடன் குறிபார்க்க முடியவேண்டும் என்று கேட்டால், அமெரிக்கத் துப்பாக்கிக் கடைக்காரர் முக்கியமாக மூன்று வகையை எடுத்து வைப்பார்: சாதாரண இரும்பு சைட், வெளிச்சத்தைக் கடத்தும் ஃபைபர் ஆப்டிக் இழையும் இருட்டில் ஒளி தரும் கதிரியக்க வாயுவான டிரிட்டியமும் சேர்ந்து கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் ரிஃப்ளெக்ஸ் சைட், கண்ணாடியிலேயே குறிக்கோடு பொறித்த பிரிசம் சைட். மூன்றுமே பேட்டரி இல்லாமல் வேலை செய்யும், சரி. ஆனால் அந்தப் புள்ளிக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே பணத்தை நீட்டிவிடுகிறார்கள், பாதித் தவறுகள் அங்கேதான் ஆரம்பம்.

டிரிஜிகான் ரிஃப்ளெக்ஸ், இஸ்ரேலின் மெப்ரோ 21 போன்ற ரிஃப்ளெக்ஸ் சைட்டுகள் பகலில் ஃபைபர் வழியாகச் சுற்றுப்புற வெளிச்சத்தை வாங்கிப் புள்ளியை எரிய வைக்கின்றன, இருட்டில் டிரிட்டியம் பார்த்துக்கொள்ளும். இதில் சிக்கல் என்னவென்றால் ஃபைபர் சேகரிப்பது நீங்கள் நிற்கும் இடத்து வெளிச்சத்தை, இலக்கு இருக்கும் இடத்து வெளிச்சத்தை அல்ல. இருட்டான கராஜுக்குள் நின்றுகொண்டு வெளியே வெயிலில் பளீரென்று கிடக்கும் சிமெண்ட் தரையைப் பாருங்கள், புள்ளி வெளிறி ஏறக்குறைய காணாமலே போய்விடும். இரவில் துப்பாக்கியில் மாட்டிய டார்ச்சை அடித்தாலும் இதே கதைதான், எதிர்ச்சுவர் வெள்ளையாகிவிடும், டிரிட்டியத்தின் மங்கல் ஒளி அதற்கு ஈடு கொடுக்காது. போலரைசர் வடிகட்டி போட்டால் கொஞ்சம் தேறும், ஆனால் பார்வையும் சேர்ந்து இருண்டுவிடும். கடையின் சீரான டியூப்லைட் வெளிச்சத்தில் இது எதுவுமே தெரியாது, அதனால் வாசல் நிழலில் நின்று வெளியே பார்த்துச் சோதிக்காமல் வாங்காதீர்கள்.

பழைய சைட் மலிவாகக் கிடைக்கிறதென்று பாய்வது அடுத்தது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருஷம், 25 வருஷப் பழசு என்றால் கால்வாசி ஒளிதான் மிச்சம், பகலில் ஃபைபர் ஜம்மென்று எரிவதால் விற்பவர் காட்டும்போது சந்தேகமே வராது. தயாரித்த வருஷத்தைக் கேளுங்கள், முடிந்தால் இருட்டறையில் பாருங்கள். புள்ளியின் அளவையும் கவனிக்க வேண்டும்: 6 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்) புள்ளி 100 மீட்டரில் சுமார் பதினேழரை சென்டிமீட்டரை மறைத்துவிடும்.

பிரிசம் சைட்டில் ஏமாற்றம் வேறு மாதிரி. பொறித்த கோடு என்றைக்கும் அழியாது, உண்மைதான். ஆனால் அது கறுப்பு, அந்தி நேரத்தில் புதர் பின்னணியில் எங்கே தேடுவது? அந்த நேரத்தில் ஒளியூட்ட மறுபடியும் பேட்டரிதான். கண்ணையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில், பல மாடல்களில் ஏழெட்டு சென்டிமீட்டரில், வைத்தாக வேண்டும் என்பதால் ரெட் டாட் (பேட்டரியில் சிவப்புப் புள்ளி எரியும் சைட்) போல இஷ்டத்துக்கு முன்னால் தள்ளி மாட்ட முடியாது. இருந்தாலும் ஆஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரெட் டாட் நட்சத்திரமாகச் சிதறித் தெரிகிறதா? அதையே போன் கேமரா வழியாகப் பாருங்கள், அங்கே உருண்டையாக இருந்தால் குறை சைட்டில் இல்லை, கண்ணில்.

சூரிய ஒளித் தகடு வைத்ததைப் பேட்டரி இல்லாதது என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலானவற்றில் உள்ளே பேட்டரி இருக்கும், தகடு வெறும் துணைக்குத்தான்.

1970-இல் வியட்நாமின் சோன் டே சிறைமுகாம் தாக்குதலில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய ஓ.இ.ஜி. (முன்பக்கம் அடைத்த சைட்) வகை இன்னும் பழைய சாமான் சந்தையில் வரும். அதன் வழியாக எதையும் பார்க்க முடியாது, ஒரு கண்ணுக்குப் புள்ளி, மறு கண்ணுக்கு இலக்கு, இரண்டையும் மூளைதான் ஒட்டவேண்டும். இரு கண்களும் லேசாக ஒத்துப்போகாதவருக்குக் குண்டு தள்ளிப்போய் விழும், இன்னொருவர் சரிசெய்து வைத்த சைட் உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம்.

இரும்பு சைட்டைப் பழசு என்று ஒதுக்குவது வீண் கௌரவம். பின் சைட்டின் துளையைத் தேடிக் கொண்டிருக்காமல் முன் சைட்டில் பார்வையைக் குவித்தால் போதும். எம்-16ஏ2 ரைஃபிளின் பின் சைட்டில் சிறிதும் பெரிதுமாக இரண்டு துளைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு: சின்னத் துளை துல்லியம் தரும், வெளிச்சம் குறைந்தால் இருட்டடித்துவிடும். துல்லியம் வேண்டுமென்று சின்னதை மட்டும் வாங்குபவர்கள் பொழுது சாயும்போது கைபிசைவார்கள்.

அப்புறம், பேட்டரி மேல் இவ்வளவு பயம் தேவையா என்றும் ஒருமுறை யோசியுங்கள். எய்ம்பாயிண்ட் காம்ப் எம்-4 என்ற ரெட் டாட் சைட், ஒரே ஒரு டபுள்-ஏ பேட்டரியில் 80,000 மணி நேரம் எரியும் என்கிறது நிறுவனம், கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் பழக்கம் உள்ளவருக்கு, வெளிச்சம் மாறும்போதெல்லாம் காலை வாரும் டிரிட்டியம் சைட்டைவிட அதுவே நிம்மதி.